கீழே இருப்பவர்களின் பங்கு

1

நீர்த்தேக்கம் ஒன்றைப் பொறுப்பெடுத்து நடத்துபவரிடம் நாங்கள் இரண்டு காரியங்களைக் கேட்கிறோம். வரட்சி வந்தால் குடிக்கவும் விதைக்கவும் தண்ணீர் வேண்டும்; ஆகவே நிரப்பி வைத்திரு என்கிறோம். பெருமழை வந்தால் வெள்ளத்தை ஏந்த இடம் வேண்டும். ஆகவே வெறுமையாக வைத்திரு என்கிறோம். இரண்டும் நியாயமான கோரிக்கைகள். ஆனால் ஒரே அணைக்கட்டில், ஒரே நாளில், இரண்டையும் முழுமையாக நிறைவேற்ற எவராலும் முடியாது. வரப்போகும் மழை எவ்வளவு என்று தெரியாத நிலையில், கதவை எத்தனை அடி திறப்பது என்று ஒருவர் தினமும் முடிவெடுத்துக்கொண்டிருக்கிறார். அவரை எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் எங்களைத் தெரியாது.

இதைப் பொறியியலாளர்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிடுவதே வழக்கம். கணக்குகள் அவர்களுடையவைதாம். ஆனால் கணக்கு முடிந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சி நிற்கிறது. பிறருடைய உயிரையும் வயலையும் பாதிக்கக்கூடிய ஒன்றைத் தன் கையில் வைத்திருப்பவர், நாளை என்ன நடக்கும் என்று அறியாத நிலையில், அந்தப் பிறருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார்? தங்களுக்குத் தெரியாத மனிதர்கள் எங்கேயோ ஒரு மேசையில் எடுத்த முடிவுகளால் ஊர் பெயர்ந்து வந்தவர்களுக்கு இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. இதை நான் சியரா நெவாடா மலைகளின் நீர்த்தேக்கங்களை வைத்தே எழுத விரும்புகிறேன். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் வாழும் எங்களில் பலர் குடிப்பது அந்த மலைகளின் தண்ணீரை.

2

கலிபோர்னியாவின் பருவம் எங்கள் வன்னியின் பருவத்தைப் போலவே ஒருபக்கம் சாய்ந்தது. நவம்பரிலிருந்து மார்ச் வரை பெய்வதுதான் மழை. மே முதல் ஒக்ரோபர் வரை வானம் வெறும் நீலம். வன்னியில் பெய்யும் மழை உடனே குளத்துக்கு வந்துவிடும். இங்கே பெரும்பகுதி மலையில் பனியாக உறைந்து நின்று, வெயில் ஏற ஏற உருகி, ஏப்ரலிலிருந்து ஜூன், ஜூலை வரை ஆறுகளில் இறங்குகிறது. மாநிலத்தின் நீர்த்தேவையில் ஏறத்தாழ 30 சதவீதத்தைத் தருவது இந்தப் பனி. மனிதர் கட்டாத, கதவு இல்லாத ஒரு பெரிய குளம் அது.

ஆகவே மலை நீர்த்தேக்கத்தின் வருடம் இப்படிச் செல்கிறது. இலையுதிர் காலத்தில் மட்டத்தைக் குறைத்து வெள்ளத்துக்கு இடம் ஒதுக்குவார்கள். மாரி முழுவதும் அந்த இடத்தைக் காப்பார்கள். புயல் வந்து நிரப்பினால் புயல் போனதும் மீண்டும் திறந்து இறக்கிவிடுவார்கள். வசந்தத்தில் பனி உருகத் தொடங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, ஜூலைத் தொடக்கத்தில் விளிம்பு தொடப் பார்ப்பார்கள். பிறகு கோடை முழுவதும் செலவு. இந்தப் போக்கை ஒரு கோடாக வரைந்து, இந்தத் தேதியில் இந்த மட்டத்துக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடாது என்று விதிநூலில் எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளத் தடுப்புக்குப் பொறுப்பான அணைகளில் இந்த விதியை எழுதுவது இராணுவப் பொறியியல் பிரிவு.

மலையில் எவ்வளவு பனி நிற்கிறது என்று எப்படித் தெரியும்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி கண்டவர் ஜேம்ஸ் சேர்ச். நெவாடாப் பல்கலைக்கழகத்தில் லத்தீன் கற்பித்தவர். மலையேறுவதில் பிரியம் கொண்ட அவர், ஒரு நீண்ட உலோகக் குழாயைப் பனிக்குள் நிலம் தொடும்வரை இறக்கி, உள்ளே சிக்கிய பனியோடு அதை நிறுத்துப் பார்த்தார். பனியின் ஆழத்தைவிட அதன் எடை முக்கியம். எடைதான் அதற்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்கிறது. தாஹோ ஏரியின் மட்டம் பற்றி ஏரிக்கரைக் காணிக்காரருக்கும் மின்சாரக் கம்பனிக்கும் இருந்த தகராறில், வசந்தத்தில் ஏரி எவ்வளவு உயரும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய நிலை அவருடைய குழாயால் வந்தது. இன்று செய்மதியும் விமானமும் மலையை அளக்கின்றன. இருந்தும் குழாயோடு மலையேறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஏப்ரல் முதலாம் தேதி அளவு முக்கியமானது. பனி உச்சத்தில் இருக்கும் நேரம் அது. 2015இல் அந்த நாளில் அப்போதைய ஆளுநர் ஜெரி பிறவுண், வழமையாகப் பனி ஆளுயரத்துக்கு நிற்க வேண்டிய இடத்தில் காய்ந்த புல்லின் மேல் நின்றார். மாநிலத்தின் பனி, சராசரியில் வெறும் 5 சதவீதமாக இருந்தது. நகரங்கள் நீர்ப்பாவனையை 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்று அன்றைக்கே ஆணை பிறந்தது. எட்டு வருடங்கள் கழித்து, 2023 ஏப்ரலில், அதே மலைகளில் சராசரியின் இரண்டு மடங்குக்கும் மேலான பனி நின்றது. இந்த இரண்டு வருடங்களுக்கும் ஒரே விதிநூல், ஒரே கதவுகள்.

3

சான் பிரான்சிஸ்கோவின் நீர் யோசெமிற்றி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஹெட்ச் ஹெட்சிப் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. துவாலமி ஆற்றை மறித்து 1923இல் கட்டி முடித்த ஓஷானெசி அணைக்கட்டு, 1938இல் மேலும் உயர்த்தப்பட்டது. கொள்ளளவு சுமார் 3 இலட்சத்து 60 ஆயிரம் ஏக்கர் அடி. ஏறத்தாழ மூன்று இரணைமடுக் குளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 160 மைல்களுக்கு மேல் குழாய்களிலும் சுரங்கங்களிலும் புவியீர்ப்பினாலேயே இறங்கி, பாலோ ஆல்ற்றோவிலும் றெட்வுட் சிற்றியிலும் எங்கள் சமையலறைக் குழாய்களுக்கு வருகிறது. சுமார் 27 இலட்சம் பேர் இதை நம்பியிருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த ஒரு விடயம் உண்டு. அணை கட்ட அனுமதித்த 1913ஆம் ஆண்டுச் சட்டமே, கீழே ஆற்றோரத்தில் ஏற்கெனவே பாசனம் செய்துகொண்டிருந்த மொடெஸ்ரோ, ரேர்லொக் பகுதி விவசாயிகளின் பங்கை முதலாவதாக வைத்தது. ஆற்றின் இயற்கையான ஓட்டத்தில் விநாடிக்குச் சுமார் 2400 கன அடி வரை அவர்களுக்கு. ஏப்ரல் நடுவிலிருந்து அறுபது நாட்களுக்குச் சுமார் 4000 கன அடி வரை. அதற்கு மேல் வருவதுதான் நகரத்துக்கு. மேலே அணையை வைத்திருப்பது நகரம். முதற்பங்கு கீழே இருப்பவர்களுக்கு. வரண்ட கோடையில் ஆறு முழுவதுமே அவர்களுடையதாகிவிடும். அந்த நாட்களில் நகரம் தான் வசந்தத்தில் தேக்கி வைத்ததை மட்டுமே எடுக்கலாம்.

கீழே, அதே ஆற்றில், அந்த விவசாயிகளின் டொன் பெட்ரோ நீர்த்தேக்கம் இருக்கிறது. 20 இலட்சம் ஏக்கர் அடிக்கு மேல் கொள்ளும். அங்கே நகரத்துக்கு ஒரு வரவுக் கணக்கு இருக்கிறது. நகரம் தேவைக்கு மேல் தண்ணீரை இறக்கிவிட்டால் அது வரவில் பதியப்படும். பிற்பாடு தட்டுப்பாடு வரும்போது, விவசாயிகளுக்குப் போகவேண்டிய ஓட்டத்தை நகரம் மேலே மறித்துக்கொள்ளலாம், கணக்கில் கழியும். எங்களவர்களின் சீட்டுக் கணக்கைப் போலத்தான். ஒருவரை ஒருவர் நம்பாவிட்டாலும் கொப்பியை நம்புகிறார்கள்.

அதே டொன் பெட்ரோவில் ஒக்ரோபரிலிருந்து ஏப்ரல் வரை 3 இலட்சத்து 40 ஆயிரம் ஏக்கர் அடி இடம் வெள்ளத்துக்காக வெறுமையாக விடப்பட வேண்டும். கிட்டத்தட்ட இன்னொரு ஹெட்ச் ஹெட்சி அளவு வெறும் இடம். 1997 புதுவருடத்தில் வந்த வெப்பமழை மலைப்பனியையும் கரைத்துக்கொண்டு வந்தபோது அந்த இடமும் போதவில்லை. புதிய அணை கட்டியபின் முதல் தடவையாக வான் பாய்ந்தது. கீழே மொடெஸ்ரோவின் தாழ்ந்த பகுதிகள் மூழ்கின.

தண்ணீருக்கு இப்படிப் பங்குகளும் உறுதிகளும் கணக்கும் வழக்கும் இருக்கின்றன. வெறும் இடத்துக்கு உரிமையாளர் யார்? அதை விற்க முடியாது, அதற்குக் கட்டணம் வாங்க முடியாது. நிறைந்த குளத்தைப் படம் எடுத்துப் பத்திரிகையில் போடுவார்கள். முக்கால்வாசி நிறைந்த குளத்தை யாரும் போடமாட்டார்கள். ஆகவே நெருக்கடி வரும்போது முதலில் கரண்டப்படுவது அந்த வெறும் இடம். அந்த இடம் கீழே ஆற்றோரத்தில் படுத்துத் தூங்குபவர்களின் பங்கு என்பதே இக்கட்டுரையின் வாதம். மேலே இருப்பவர் இரக்கப்பட்டு விடுவதாக அதைக் கருதுவது தவறு.

4

2017 பெப்ரவரியில், கிளிநொச்சிப் பக்கத்து விவசாயி ஒருவர் மகளைப் பார்க்க இங்கே வந்திருந்தார். ரெலிவிசனில் ஒவ்வொரு அணையாகத் திறந்து வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் பாய்வதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் தம்பி, உங்கட ஆக்களுக்கு விசரே? போன வருசம் வரைக்கும் குளிக்கிறதுக்கும் கணக்குப் பார்த்தனீங்கள் எண்டு மகள் சொன்னவள். இப்ப இவ்வளவு தண்ணியையும் கடலுக்கு விடுறாங்கள்."

"இன்னும் மழை வருகுதாம் ஐயா. இடம் எடுக்கினம்," என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ஓம், அதுவும் சரிதான். வான்கதவு திறந்தாப் பிறகு மழை வராட்டில் சனம் ஏசும். திறக்காமல் இருந்து மழை வந்தால் சனம் சாகும். ஏச்சு வாங்கப் பயப்பிடுறவனை அந்த வேலையில வைக்கக்கூடாது."

மழைநீரை வீணே கடலுக்கு விடக்கூடாது என்ற முதலாம் பராக்கிரமபாகுவின் கொள்கையைப் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கொள்கை குளம் கட்டுபவருக்குச் சரியாக இருக்கலாம். குளத்தை நடத்துபவர் அதை நம்பினால் ஆபத்து. கடலுக்குப் போகும் தண்ணீர் எல்லாம் வீண் என்று நினைப்பவர் இடம் எடுக்கமாட்டார்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ருஷ்யன் ஆற்றில் மென்டசீனோ ஏரி என்று ஒரு சிறிய நீர்த்தேக்கம் இருக்கிறது. 2012 டிசெம்பரில் பெரும்புயல் ஒன்று அதை விதி அனுமதித்த மட்டத்துக்கு மேல் நிரப்பியது. விதிநூல் சொன்னபடி கதவைத் திறந்து இடம் எடுத்தார்கள். அடுத்த புயல் வரவேயில்லை. 2013, கலிபோர்னியாவில் அதுவரை பதிவான வருடங்களிலேயே மிக வரண்டது. விட்ட தண்ணீர் கடலில், ஏரி சேற்றில், கீழே விவசாயிகள் கோபத்தில். அதிகாரிகள் விதியைத் துளியும் மீறவில்லை. கீழே இருப்பவர்களின் பங்கைக் காப்பாற்றினார்கள். அதற்காகவே ஏச்சு வாங்கினார்கள்.

இங்கே மெய்யியலாளர்கள் சொல்லும் ஒரு புதிருக்கு வந்துவிடுகிறோம். 1976இல் பேர்ணாட் வில்லியம்ஸும் தோமஸ் நேகலும் இதை எடுத்து விவாதித்தார்கள். ஒரே முடிவை ஒரே கவனத்தோடு இரண்டு பேர் எடுக்கிறார்கள். ஒருவருக்கு மழை வருகிறது, மற்றவருக்கு வரவில்லை. ஒருவரை மீட்பர் என்கிறோம். மற்றவரை மூடர் என்கிறோம். தன் கட்டுப்பாட்டில் இல்லாத அதிர்ஷ்டத்துக்காக ஒருவரைப் புகழவோ பழிக்கவோ எங்களுக்கு உரிமை உண்டா? இல்லை என்று சொல்வது சுலபம். ஆனால் வெள்ளத்தில் வீட்டை இழந்தவரிடம் போய், அணைக்காரர் அன்று அறியக்கூடியதையெல்லாம் வைத்துச் சரியாகத்தான் செய்தார் என்று சொல்லிப் பாருங்கள். அவர் கேட்பது வானிலைக் கணக்கு அல்ல; என்னை நினைத்தாயா என்பதே.

எனக்குத் தோன்றுவது இது. விளைவை வைத்து மட்டும் தீர்ப்பளிப்பதில் அநீதி இரண்டு வகை. நல்லபடி முடிவெடுத்தும் மழை பொய்த்ததால் மாட்டிக்கொண்டவரைத் தண்டிப்பது ஒரு வகை. கவனமில்லாமல் இருந்தும் புயல் வராததால் தப்பியவரை நல்லவராக நினைத்துக்கொண்டிருப்பது மற்றது. இரண்டாவதுதான் அதிகம் உயிர் குடிக்கிறது. ஏனென்றால் அது சத்தமில்லாமல் பல வருடங்கள் நடக்கும்.

5

அதற்கு உதாரணம் ஓரோவில். 770 அடி உயரம். ஐக்கிய அமெரிக்காவின் மிக உயர்ந்த அணைக்கட்டு. பெதர் ஆற்றை மறித்து 1968இல் முடிக்கப்பட்டது. சுமார் 35 இலட்சம் ஏக்கர் அடி தண்ணீரைத் தாங்கி, தெற்கே லொஸ் ஏஞ்சலிஸ் வரை அனுப்புகிறது. அதற்குக் கதவுகளோடு கூடிய ஒரு பிரதான வான் இருந்தது. அருகே, ஏரி 901 அடி மட்டத்தைத் தாண்டினால் தானாக வழியும் அவசர வான் ஒன்றும் இருந்தது. அவசர வானின் கீழே கொங்கிறீற் இல்லை, வெறும் மலைச்சரிவு. சரிவைக் கொங்கிறீற்றால் மூட வேண்டும் என்று 2005இல் மூன்று சூழலியல் அமைப்புகள் அரசிடம் எழுத்தில் கேட்டன. தேவையில்லை என்று பதில் வந்தது. அதுவரை அந்த வான் ஒருமுறைகூடப் பாய்ந்ததில்லை.

2017 பெப்ரவரி 7இல் பிரதான வானின் கொங்கிறீற் உடைந்து பெரும் பள்ளம் விழுந்தது. கதவை மூடிப் பார்த்தார்கள். மேலே புயல் கொட்டிக்கொண்டிருந்தது. உடைந்த வானில் தொடர்ந்து விட்டால் அது இன்னும் உடையும், இடிபாடுகள் ஆற்றை மறித்து மின்நிலையத்தை முடக்கும், மின்கம்பங்கள் சரியும். விடாவிட்டால் ஏரி உயர்ந்து அவசர வானில் வழியும். ஓட்டத்தை மட்டுப்படுத்தி, அவசர வான் பாயட்டும் என்று விட்டார்கள். அந்தச் சரிவின் பாறை நம்பத்தக்கதல்ல என்று புவியியல் அறிந்தவர்கள் அந்த நாட்களிலேயே எச்சரித்திருந்தார்கள் என்று பின்னர் நடந்த விசாரணை பதிவுசெய்தது. 11ஆம் தேதி வழியத் தொடங்கியது. வடிவமைத்த அளவில் மிகச் சிறிய பங்கே பாய்ந்தும் 12ஆம் தேதி பிற்பகலில் சரிவு அரிந்து அரிந்து மேலே ஏறி, வானின் சுவரை நெருங்கியது. சுவர் விழுந்தால் பெரும் நீர்மதில் ஒன்று பள்ளத்தாக்கில் இறங்கும். சுமார் 1 இலட்சத்து 88 ஆயிரம் பேரை உடனே வெளியேறச் சொன்னார்கள். பிரதான வானை விநாடிக்கு 1 இலட்சம் கன அடிக்குத் திறந்தார்கள். அன்றிரவு ஏரி 901 அடிக்குக் கீழே இறங்கியது. சுவர் நின்றது.

ஒரு மணி நேர அறிவித்தலில், பிள்ளைகளையும் கிழவர்களையும் ஏற்றிக்கொண்டு, ஒரே திசையில் நெரிந்து நின்ற வாகனங்களின் படங்களைப் பார்த்தபோது எங்களில் பலருக்கு 1995 ஒக்ரோபர் முப்பதின் இரவு நினைவுக்கு வந்திருக்கும். வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு அந்தக் குறுகிய பாதையில் ஊர்ந்த சனத்திரளை ஒரு நீர்த்தேக்க விபத்தோடு ஒப்பிடுவது முறையல்ல. காரணங்கள் வேறு, கைகள் வேறு. ஆனால் கடைசி மணி நேரத்தில் மட்டும் தகவல் தரப்படுபவர்களின் நிலை ஒன்றுதான்.

2018 ஜனவரியில் சுயாதீன விசாரணைக்குழு தன் அறிக்கையைத் தந்தது. தனியொருவர் மீதோ ஒரு காரணத்தின் மீதோ பழியைச் சுமத்த முடியாது என்றது. நீண்டகாலமாக அணையை நடத்தியவர்கள், மேற்பார்த்தவர்கள், துறையின் பொதுவான பழக்கங்கள் எல்லாம் சேர்ந்து செய்த தவறு என்றது. இது உண்மை. இந்த உண்மையில் ஒரு சங்கடமும் இருக்கிறது: எல்லோரும் பொறுப்பு என்றால் எவரும் பதில் சொல்லத் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது. ஆகவே ஆட்களைத் தேடுவதைவிடக் கேள்விகளை நிலைநிறுத்துவது நல்லது. மழை வந்ததா என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, அணையை நடத்துபவரிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். இடம் விட்டாயா? அறியக்கூடியதைத் தேடி அறிந்தாயா? எச்சரித்தவரைக் கேட்டாயா? கீழே இருப்பவருக்கு நேரத்தோடு சொன்னாயா? மென்டசீனோவின் 2012 இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவற்றில் தேறும். ஓரோவில் தேறாது. 1968 முதல் 2016 வரை அங்கே வான் உடையாதிருந்த போதும், இந்தக் கேள்விகளை வைத்துப் பார்த்தால் அது தேறியிருக்காது.

மொத்த நட்டத்தைக் கூட்டி, எது குறைவோ அதைச் செய்வதுதானே நியாயம் என்று ஒருவர் கேட்கலாம். கூட்டலில் பிழையில்லை. யாருடைய நன்மையை யாருடைய ஆபத்தோடு கூட்டுகிறோம் என்பதில்தான் பிழை நுழைகிறது. ஓரோவிலின் தண்ணீரால் பயன்பெறுபவர்கள் மாநிலமெங்கும் சுமார் 2 கோடி 70 இலட்சம் பேர். அதன் சுவர் சரிந்தால் சாகப்போகிறவர்கள் அடிவாரத்துச் சிற்றூர்க்காரர். பெரிய தொகையிலிருந்து சின்னத் தொகையைக் கழித்தால் விடை எப்போதும் பெரியவர்களுக்குச் சாதகமாகவே வரும். சிறுபான்மையாக இருந்து பழகிய எங்களுக்கு இந்தக் கணிதத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

6

தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் இதே கேள்விகள் எழுந்திருக்கின்றன. 2015 டிசெம்பர் முதலாம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டு அடையாற்றில் இறங்கியது. அதற்கு முந்திய நாட்களில் ஏன் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து இடம் எடுக்கவில்லை, கரையில் இருந்தவர்களுக்கு ஏன் நேரத்தோடு சொல்லவில்லை என்று சென்னைவாசிகள் இன்னும் கேட்கிறார்கள். 2018இல் தணிக்கை அதிகாரியின் அறிக்கையும் ஏரியை நடத்திய விதத்தைக் குறைகூறியது. 2019 கோடையில் அதே செம்பரம்பாக்கம் வெடித்த நிலமாகக் கிடந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நான்கு வருட இடைவெளியில் அந்த ஏரி இரண்டு கட்டளைகளிலும் தோற்றது.

2018 டிசெம்பரில் ஓரிரவு மழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியின் தாழ்நிலங்கள் மூழ்கின. எப்போது திறந்தார்கள், முன்னமே திறந்திருக்கலாமா என்று பெரும் வாதம் நடந்தது. குளம் அப்போதுதான் உயர்த்தித் திருத்தப்பட்டிருந்தது. போர்க்காலமெல்லாம் பட்டுக் கிடந்த குளம் விளிம்பு தொட நிறைவதைப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் இருந்திருக்கும். அந்த ஆசையைப் புரிந்துகொள்ள முடிகிறது. அதுவும் கணக்கில் சேர்க்க வேண்டிய ஒரு ஆபத்துத்தான்.

ஆனால் அதே இரணைமடுவில் எங்களுக்கு ஒரு நல்ல பழக்கமும் இருக்கிறது. காலபோக மழை முடிந்து குளத்தின் மட்டம் தெரிந்ததும் சிறுபோகக் கூட்டம் கூடும். அரசாங்க அதிபர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமக்கார அமைப்புகள் எல்லோரும் வருவார்கள். இத்தனை அடி தண்ணீர் இருக்கிறது, இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம், இந்தத் தேதிக்குத் துருசு திறக்கும் என்று முடிவாகும். சத்தம் இருக்கும், சண்டை இருக்கும், வாய்க்கால் கடைக்காரன் தலைவாய்க்கால்காரனைத் திட்டுவான். ஆனால் கணக்கு எல்லோர் முன்னிலையிலும் வைக்கப்படும். சிங்களக் கிராமங்களில் 'பெத்ம' என்றொரு வழக்கம்: தண்ணீர் குறைந்த வருடத்தில் குளத்துக்கு அண்டிய வயலை மட்டும் விதைப்பது, அதை எல்லாக் காணிக்காரரும் அந்தப் போகத்துக்கு மட்டும் பங்கிட்டுக்கொள்வது. தன் உறுதியில் உள்ள எல்லையை ஒரு போகத்துக்கு மறக்கச் சம்மதிப்பது சிறிய விடயமல்ல.

யாழ்ப்பாணத்துக்கு இரணைமடுத் தண்ணீரைக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தபோது, குடாநாட்டார் பலர் அவர்களைத் தன்னலக்காரர் என்றார்கள். குடிநீர் பெரிதா, நெல் பெரிதா என்று கேட்டார்கள். கேள்வி அதுவல்ல. மொடெஸ்ரோ விவசாயிக்கு 1913இல் சட்டம் கொடுத்த உத்தரவாதம் கிளிநொச்சி விவசாயிக்கு யாரால், எந்தக் கடதாசியில் கொடுக்கப்பட்டது? அது இல்லாதபோது அவர் கதவைப் பற்றிப் பிடித்துக்கொள்வதை எப்படிக் குறைசொல்வது?

அறிவு வளரும்போது இந்த இறுக்கம் கொஞ்சம் தளரவும் கூடும். மென்டசீனோவில் அந்த ஏச்சுக்குப் பிறகு, வானிலை ஆய்வாளரும் இராணுவப் பொறியியலாளரும் பாசனக்காரரும் ஒன்றாக அமர்ந்தார்கள். புயல் வருமா என்று சில நாட்களுக்கு முன்னரே ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடியுமானால், வெள்ளத்துக்கு ஒதுக்கிய இடத்தில் கொஞ்சம் தண்ணீரை வைத்திருந்து, புயல் வருமுன் இறக்கிவிடலாம் அல்லவா? 2020இன் வரண்ட மாரியில் இந்த முறையால் சுமார் 11 ஆயிரம் ஏக்கர் அடி கூடுதலாகச் சேமித்தார்கள். கீழே இருப்பவர்களின் இடத்தை இரவல் வாங்கி, நேரத்துக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். கேட்டு வாங்கியதாலும் திருப்பிக் கொடுத்ததாலும் அது இரவல். கேட்காமல் எடுத்திருந்தால் அதற்கு வேறு பெயர்.

7

இதுவரை ஆற்றுக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றி எழுதினேன். தண்ணீருக்குக் கீழே இருப்பவர்களும் உண்டு. ஹெட்ச் ஹெட்சி என்ற பெயரே அங்கு விளைந்த, விதை உண்ணத்தக்க ஒரு புல்லைக் குறிக்கும் மிவொக் மக்களின் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். மிவொக் மக்களும் பையூட் மக்களும் அந்தப் பள்ளத்தாக்குக்குப் பருவந்தோறும் வந்து புல்விதையும் ஓக் விதையும் சேர்த்தவர்கள். 1913இல் அந்த அணை பற்றி நாடே வாதிட்டது. ஒருபுறம் ஜோன் மியூர் இயற்கையின் கோவிலை இடிக்காதீர்கள் என்றார். மறுபுறம் 1906 நிலநடுக்கத்திலும் தீயிலும் எரிந்த நகரம் தண்ணீர் கேட்டது. அந்த மக்களை இரு பக்கமும் கேட்கவில்லை. வாதம் தொடங்குமுன்பே அவர்கள் அந்த மலைகளிலிருந்து துரத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரோவில் ஏரியின் கீழே கொங்கோ மைடு மக்களின் நிலங்கள் கிடக்கின்றன.

எங்கள் தீவின் மலைகளிலும் இப்படித்தான். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் மட்டம் வரட்சியில் இறங்கும்போது, 1960களில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோவில் சேற்றுக்கு வெளியே எழுந்து நிற்கும். சனம் போய்ப் பார்க்கும். விக்ரோறியாவுக்கும் கொத்மலைக்கும் சிங்களக் கிராமங்கள் மூழ்கின. கல்லோயாவிலும் மணலாற்றிலும் தண்ணீரின் பெயரால் வந்த குடியேற்றம் தமிழ்க் கிராமங்களை என்ன செய்தது என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டும்போது எடுக்கப்பட்ட முடிவுகள் இவை. கதவைத் திறந்து மூடுவதால் இவற்றைத் திருத்த முடியாது.

அப்படியானால் இடம்பெயர்ந்து வந்த நாங்கள், இன்னொருவரின் இடப்பெயர்வுக்கு மேலே நிற்கும் தண்ணீரைக் குடிக்கும்போது எங்கள் நிலை என்ன? நாங்கள் நேற்று வந்தவர்கள், அந்தப் பாவத்தில் எங்களுக்குப் பங்கில்லை என்று சிலர் சொல்வார்கள். செய்தவர்கள் நாங்கள் அல்ல என்பது சரி. ஆனால் குடிப்பவர்கள் நாங்கள்தான். குற்றமும் பொறுப்பும் ஒன்றல்ல. அணையை இடித்துப் பள்ளத்தாக்கை மீட்க வேண்டும் என்று ஒரு சாரார் பல பத்தாண்டுகளாகக் கேட்கிறார்கள். 2012இல் சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் அதற்கான ஆய்வைக்கூட மறுத்தார்கள். அந்த வாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும், எவரை மூழ்கடித்து இந்தத் தண்ணீர் வருகிறது, எவருடைய வயலுக்கு முதற்பங்கு, எவருடைய வீட்டுக்காக எவ்வளவு இடம் வெறுமையாக நிற்கிறது என்று அறிந்திருப்பது குடிப்பவரின் குறைந்தபட்சக் கடமை.

சான் பிரான்சிஸ்கோவின் நீர் ஆணைக்குழு நகரத்தில் பொதுக்கூட்டங்கள் நடத்துகிறது. கணக்குகள் மேசைக்கு வரும். பொதுமக்கள் எழுந்து சில நிமிடங்கள் பேசலாம். பிரஜாவுரிமைப் பத்திரம் யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு மாரியும் ஒவ்வொரு ஏப்ரலும் அங்கே கேட்கத்தக்க கேள்விகள் நான்கு இருக்கின்றன. அவற்றைச் சிறுபோகக் கூட்டத்தில் வாய்க்கால் கடைக்காரன் கேட்கும் அதே குரலில் கேட்கலாம். ஆங்கிலம் கொஞ்சம் தடக்கினாலும் பரவாயில்லை.